ஒரு சேலை, பல கைகள்

(பத்தாம் வகுப்பு, கணினி மன்றம்)

தேவிகாபுரத்தில் பொழுது விடிந்ததைச் சேவல் அறிவிக்கிறதோ இல்லையோ, தறிச் சத்தம் அறிவித்துவிடும். வடக்கே ஆரணி, மேற்கே போளூர், கிழக்கே சேத்துப்பட்டு என்று மூன்று ஊர்களுக்கு நடுவே இருப்பது எங்கள் ஊர். பெரியநாயகி அம்மன் கோயிலும் கனககிரி மலையும் ஊருக்கு அடையாளம் என்றால், பட்டுத் தறி ஊருக்குச் சோறு. ஆரணிப் பட்டு என்று வெளியூரார் விரும்பி வாங்கும் சேலைகளில் எங்கள் தெருக்களில் நெய்யப்பட்டவையும் உண்டு என்பது எங்களுக்குப் பெருமை.

அத்தெருக்களில் ஏதேனும் ஒரு வீட்டுத் திண்ணையில் நின்று, "இந்தச் சேலையை நெய்தது யார்?" என்று கேட்டுப் பாருங்கள். ஒரே ஒரு பெயர்தான் பதிலாக வரும். பெரும்பாலும் அது அவ்வீட்டு அப்பாவின் பெயராக இருக்கும். அந்தப் பதில் பொய்யன்று. ஆனால் அது முழு உண்மையும் அன்று. இதனை நாங்கள் கணினியிடம் பாடம் கேட்டபோதுதான் உணர்ந்தோம் என்றால் தோழியர் வியப்படையக் கூடும். அந்தக் கதையையும், அதன் வழியாகக் கணினித் துறையில் 'பல–பல உறவு' என்று வழங்கும் ஒரு கருத்தையும் இக்கட்டுரையில் எங்களால் இயன்றவரை விளக்குகிறோம்.

ஒரு நோட்டுப் புத்தகம்

பள்ளிக் கண்காட்சிக்காக நாங்கள் நால்வரும் சேர்ந்து ஏதாவது செய்ய வேண்டும் என்று சிஸ்டர் கூறியிருந்தார்கள். எங்கள் நால்வர் வீட்டிலும் தறி உண்டு. ஆகவே தறிக் கணக்கைக் கணினியில் ஏற்றிக் காட்டலாம் என்று முடிவு செய்தோம். எங்களுள் ஒருத்தி தன் வீட்டுக் கணக்கு நோட்டைக் கொண்டுவந்தாள். அதில் சேலை எண், நிறம், நெய்தவர், முடிந்த நாள், கூலி என்று ஐந்து பத்திகள் இருந்தன. 'நெய்தவர்' என்ற பத்தியில் மேலிருந்து கீழ்வரை அவளுடைய அப்பாவின் பெயரே இருந்தது.

அவளுடைய அம்மா அந்த நோட்டில் எங்குமே இல்லை. ஆனால் நாங்கள் அவ்வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்த அம்மா ராட்டையின் முன் அமர்ந்து தார் சுற்றிக்கொண்டுதான் இருப்பார்கள். பழைய பாவு முடிந்து புதுப் பாவு ஏற்றும்போது, ஆயிரக்கணக்கான இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைப்பவர்களும் அவர்களே. கோர்வைச் சேலையானால் தறியின் மறுபக்கத்தில் அமர்ந்து கரை நாடாவைத் தள்ளுபவர் பாட்டி. பாட்டியின் பெயரும் நோட்டில் இல்லை.

சில மாதங்களுக்கு முன் அந்த அம்மா ஓர் அலுவலகத்துக்கு ஏதோ ஓர் உதவிக்காக விண்ணப்பம் கொண்டு சென்றிருந்தார்கள். "நீங்கள் நெசவு வேலை செய்கிறீர்கள் என்பதற்கு எழுத்தில் ஏதாவது இருக்கிறதா?" என்று கேட்டார்களாம். இருபது ஆண்டு வேலை செய்த கைகளில் காட்டுவதற்கு ஒரு தாள் இல்லை. அந்த அம்மா ஒன்றும் பேசாமல் பேருந்து ஏறித் திரும்பிவிட்டார்கள். எழுதாத கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியவர்கள் சொல்வது எவ்வளவு உண்மை!

இது ஒரு வீட்டின் கதை மட்டும் அன்று. 2019–20-இல் எடுக்கப்பட்ட நான்காவது அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பின்படி, நம் நாட்டில் கைத்தறித் தொழிலாளர் 35 லட்சத்துக்கும் மேற்பட்டோர். அவர்களுள் நூற்றுக்கு எழுபதுக்கும் அதிகமானோர் பெண்கள். தறியில் அமர்ந்து நெய்யாமல், நூல் சுற்றுதல், பாவு தயாரித்தல் முதலிய துணை வேலைகளைச் செய்வோர் மட்டும் 8 லட்சத்துக்கும் மேல். இத்தனை பேரின் வேலையையும் 'நெய்தவர்' என்ற ஒற்றைப் பத்தியில் அடக்க முடியுமா?

இரண்டு முறை தோற்றோம்

முதலில் நாங்கள் எண்ணியது மிக எளிது. 'நெய்தவர் 1', 'நெய்தவர் 2', 'நெய்தவர் 3' என்று மூன்று பத்திகள் போட்டுவிட்டால் முடிந்தது என்று நினைத்தோம். சாதாரணச் சேலைக்கு இரண்டு பேர் போதும். மூன்றாம் பத்தி காலியாகக் கிடந்தது. கோர்வைச் சேலைக்கோ நாலாவது ஆள் வந்து நின்றார், இடமில்லை. "அம்மா எந்தெந்தச் சேலையில் வேலை செய்தார்கள்?" என்று தேட, மூன்று பத்திகளையும் தனித்தனியே பார்க்க வேண்டியிருந்தது.

அடுத்து, ஒரே கட்டத்துக்குள் எல்லாப் பெயர்களையும் காற்புள்ளி இட்டு எழுதிப் பார்த்தோம். இது இன்னும் மோசம். ஓரிடத்தில் பெயரைத் தலைப்பெழுத்தோடும், வேறிடத்தில் தலைப்பெழுத்து இல்லாமலும் எழுதிவிட்டோம். கணினி அவ்விருவரையும் வெவ்வேறு ஆள் என்று எண்ணிக்கொண்டது. எவருக்கு எத்தனை நாள், எவ்வளவு கூலி என்பதைக் காற்புள்ளிக்கு நடுவே எங்கே எழுதுவது?

தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த எங்களைக் கண்டு சிஸ்டர் சிரித்தார்கள். "உங்கள் பிழை கணினியில் இல்லை. உறவைச் சரியாக எண்ணவில்லை, அவ்வளவுதான்" என்றார்கள்.

மூன்று வகை உறவுகள்

சிஸ்டர் கரும்பலகையில் எழுதி விளக்கியதை அப்படியே தருகிறோம்.

ஒரு மாணவிக்கு ஒரு சேர்க்கை எண். ஒரு சேர்க்கை எண்ணுக்கு ஒரே மாணவி. இது ஒன்றுக்கு ஒன்று உறவு.

ஒரு வகுப்பில் பல மாணவியர். ஆனால் ஒரு மாணவி ஒரே வகுப்பில்தான் இருப்பாள். இது ஒன்றுக்குப் பல உறவு. இங்கே மாணவியின் பெயருக்கு எதிரே வகுப்பை எழுதினால் போதும், தொல்லை இல்லை.

நம் பள்ளி மன்றங்களை எடுத்துக்கொள்வோம். ஒரு மாணவி பாடகர் குழுவிலும் இருப்பாள், விளையாட்டு மன்றத்திலும் இருப்பாள். பாடகர் குழுவில் பல மாணவியர், விளையாட்டு மன்றத்திலும் பல மாணவியர். இருபுறமும் 'பல'. இதுவே பல–பல உறவு. மாணவியின் பெயருக்கு எதிரே மன்றத்தை எழுதினாலும் இடம் போதாது. மன்றத்தின் பெயருக்கு எதிரே மாணவியை எழுதினாலும் இடம் போதாது.

சேலைக்கும் ஆளுக்கும் உள்ள உறவும் இதுவே. ஒரு சேலையில் பல பேர் வேலை செய்கிறார்கள். ஒருவரே பல சேலைகளில் வேலை செய்கிறார். இதை அறியாமல் நாங்கள் சேலைப் பக்கத்திலேயே ஆட்களைத் திணித்துக்கொண்டிருந்தோம்!

இதற்குத் தீர்வு, மூன்றாவது ஒரு பேரேடு. சேலைகளுக்கு ஒரு பேரேடு. ஒவ்வொரு சேலைக்கும் ஓர் எண். ஆட்களுக்கு ஒரு பேரேடு. ஒவ்வோர் ஆளுக்கும் ஓர் எண். மூன்றாவது பேரேட்டில், 'இன்ன எண் சேலையில் இன்ன எண் ஆள்' என்று ஒரு வரிக்கு ஓர் உறவாக எழுதிக்கொண்டே போக வேண்டும். எத்தனை பேர் வந்தாலும் புதிய பத்தி தேவையில்லை; புதிய வரி போதும். பெயரைத் திருத்த வேண்டுமானால் ஆட்களின் பேரேட்டில் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். மற்ற இடங்களில் எண்தானே இருக்கிறது? இந்த மூன்றாவதைக் கணினி நூல்கள் 'இணைப்பு அட்டவணை' என்கின்றன.

இவ்வாறு செய்திகளைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்து, எண்களால் ஒன்றோடொன்று உறவுபடுத்தும் முறையை உலகுக்கு வகுத்துக் கொடுத்தவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1970-இல் இதுபற்றிக் கட்டுரை வெளியிட்டார். கணினித் துறையின் மிக உயர்ந்த பரிசாகிய டூரிங் விருது 1981-இல் அவருக்குக் கிடைத்தது. இன்று வங்கிக் கணக்கு முதல் ரயில் முன்பதிவு வரை இம்முறை பரவியிருப்பதை யாவரும் அறிவர்.

பாவும் ஊடையும்

மூன்றாவது பேரேடு எதற்கு என்பது எங்களுள் இருவருக்கு இன்னும் விளங்கவில்லை. அப்போது எங்கள் தோழி ஒருத்தி, "தறியைப் பார்த்தால் தெரியுமே!" என்றாள். மறுநாள் சனிக்கிழமை. அவள் வீட்டுத் தறியருகே எல்லோரும் போய் நின்றோம்.

நீளவாக்கில் ஓடும் இழைகள் பாவு. குறுக்கே நாடா கொண்டுசெல்லும் இழை ஊடை. ஒவ்வொரு பாவு இழையும் எல்லா ஊடை இழைகளையும் சந்திக்கிறது. ஒவ்வோர் ஊடை இழையும் எல்லாப் பாவு இழைகளையும் சந்திக்கிறது. பல–பல உறவுக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இனி, முந்தானையில் ஒரு மயில் இருக்கிறது. அந்த மயில் பாவு இழையில் இருக்கிறதா? இல்லை, அது வெறும் பட்டு நூல். ஊடையில் இருக்கிறதா? அதுவும் ஜரிகை நூல்தான். இரண்டும் சந்திக்கும் இடத்தில், பாவு இழை மேலே போக வேண்டுமா கீழே போக வேண்டுமா என்ற முடிவில்தான் மயில் இருக்கிறது. அந்த முடிவுகளை எழுதி வைத்திருப்பவை தறிக்கு மேலே உள்ள ஜக்கார்டு பெட்டியின் அட்டைகள். ஓட்டை இருந்தால் ஒரு செய்தி, இல்லாவிட்டால் மறு செய்தி. அட்டைகள் இல்லையேல் நூல் எல்லாம் இருந்தும் மயில் இல்லை.

மூன்றாவது பேரேடும் அந்த அட்டைகளைப் போன்றதே. சேலையும் அறியாத, ஆளும் தனியே சொல்ல முடியாத செய்தி, இருவரும் சந்திக்கும் இடத்தில் இருக்கிறது. அச்சந்திப்புக்கு ஓர் ஏடு இல்லையேல் அச்செய்தி காற்றில் போய்விடும்.

இங்கே ஒரு சிறு வரலாறு. ஓட்டையிட்ட அட்டைகளால் இயங்கும் இந்தப் பொறியைப் பிரான்சு நாட்டு லியோன் நகரத்தைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு 1804-ஆம் ஆண்டளவில் உருவாக்கினார். லியோனும் நம் ஊரைப் போலப் பட்டு நெய்யும் ஊரே. இங்கிலாந்தில் சார்லஸ் பாபேஜ் தாம் திட்டமிட்ட கணிப்பொறிக்கு அதே அட்டை முறையை எடுத்துக்கொண்டார். அப்பொறியைப் பற்றி 1843-இல் விளக்கக் குறிப்புகள் எழுதிய அடா லவ்லேஸ் அம்மையார், அதனை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டிருக்கிறார். அமெரிக்காவில் 1890-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கை ஹெர்மன் ஹாலரித் என்பவர் ஓட்டை அட்டைகளைக் கொண்டே எண்ணினார். ஆக, கணினிக்கும் தறிக்கும் நெடுநாளைய சொந்தம் உண்டு. நாங்கள் அந்நியப் பாடம் படிக்கவில்லை!

நடுவில் நிற்கும் துபாஷி

அட்டவணைகளைப் புரிந்துகொண்டோம். அவற்றைக் கணினியில் எப்படிச் செய்வது? இங்கேதான் ஓ.ஆர்.எம். என்னும் கருவி வருகிறது.

நிரல் எழுதுவோர் செய்திகளைப் பொருள்களாகக் காண்பார்கள். 'சேலை' என்பது ஒரு பொருள். அதற்கு நிறம், விலை முதலிய குணங்கள். தரவுத்தளமோ எல்லாவற்றையும் அட்டவணையாகவே காணும். அதனோடு பேச எஸ்.க்யூ.எல். என்னும் தனி மொழி வேண்டும். இருவரும் பேசும் மொழி வேறு வேறு. அக்காலத்தில் வெள்ளைக்காரருக்கும் நம்மவருக்கும் நடுவே துபாஷி நின்று இரு மொழியும் பேசியது போல, இவ்விரண்டுக்கும் நடுவே நின்று மொழிபெயர்ப்பதே ஓ.ஆர்.எம். ஜாவா மொழிக்கு 2001-இல் ஹைபர்னேட் வந்தது. பைத்தான் மொழிக்கு 2005-இல் ஜாங்கோ வெளிவந்தது. அது அமெரிக்காவில் கன்சாஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரின் ஒரு செய்தித்தாள் அலுவலகத்தில் பிறந்தது. நாங்கள் பயன்படுத்தியது ஜாங்கோவை. பைத்தானின் மூன்றாம் பதிப்பு 2008-இல் வந்தது முதல், நிரலில் நாம் வைக்கும் பெயர்களைத் தமிழிலேயே எழுதலாம் என்று அறிந்து, 'சேலை', 'ஆள்' என்றே பெயரிட்டோம்.

ஜாங்கோவில் பல–பல உறவு அமைப்பது மிக எளிது. சேலை என்னும் பொருளுக்குள், 'ஆட்கள்' என்பது 'மெனி டு மெனி' வகைப் புலம் என்று ஒரே ஒரு வரி எழுதினால் போதும். மூன்றாவது பேரேட்டை அதுவே நமக்குத் தெரியாமல் உருவாக்கிக்கொள்ளும். ஏழாம் எண் சேலையோடு அம்மாவைச் சேர் என்றால் சேர்க்கும். நீக்கு என்றால் நீக்கும். ஒருவரை இருமுறை சேர்த்தாலும் ஒருமுறையே வைத்துக்கொள்ளும். ஒரு நிபந்தனை: சேலையும் ஆளும் முதலில் தத்தம் பேரேட்டில் பதிவாகி எண் பெற்றிருக்க வேண்டும். எண்ணே இல்லாதவரை எப்படி இணைப்பது? நாங்கள் முதலில் இதை மறந்து பிழைச் செய்தி வாங்கினோம்.

இதில் எங்களை மிகவும் மகிழ்வித்தது, ஒரே உறவை இருபுறமிருந்தும் கேட்கலாம் என்பது. "இந்தச் சேலையில் யார் யார்?" என்றும் கேட்கலாம், "இந்த அம்மா எந்தெந்தச் சேலையில்?" என்றும் கேட்கலாம். இரண்டாவது கேள்வியை அந்தப் பழைய நோட்டிடம் கேட்கவே முடியாது.

அம்மா கேட்ட கேள்வி

வெற்றி பெற்றுவிட்டோம் என்று எண்ணித் தோழியின் அம்மாவிடம் காட்டினோம். தம் பெயர் திரையில் இருப்பதைப் பார்த்தார்கள். சற்று நேரம் கழித்து, "நல்லாதாம்மா இருக்குது. ஆனா நான் என்னா வேலை செஞ்சேன், எத்தினி நாள் செஞ்சேன்னு அதுல இல்லியே?" என்றார்கள்.

நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். ஜாங்கோ தானே உருவாக்கிய அந்த மறைவான பேரேட்டில் சேலை எண், ஆள் எண் என்னும் இரண்டு மட்டுமே முக்கியமாக இருக்கும். தொடர்பு உண்டு என்று அது சொல்லும். என்ன தொடர்பு என்று சொல்லாது. பெயரை ஏற்றிவிட்டோம், வேலையை விட்டுவிட்டோம்!

வேலையின் பெயரையும் நாட்களையும் சேலைப் பேரேட்டில் எழுத முடியாது. ஒரு சேலையில் பல வேலை. ஆட்களின் பேரேட்டிலும் எழுத முடியாது; ஒருவர் ஒவ்வொரு சேலையிலும் ஒவ்வொரு வகையாக வேலை செய்கிறார். அவை உறவுக்கே உரிய செய்திகள். ஆகவே உறவையே ஒரு பொருளாக்கிப் பெயர் சூட்ட வேண்டும். ஜாங்கோவில் இதற்கு 'த்ரூ' என்ற வசதி உண்டு; 2008-இல் வந்த 1.0 பதிப்பிலேயே இது இருந்தது. "நீயே மறைவாகப் பேரேடு உண்டாக்காதே, நாங்கள் தரும் பேரேட்டின் வழியாக இணை" என்று அதற்குச் சொல்வதாகும். எங்கள் பேரேட்டுக்கு 'உழைப்பு' என்று பெயர் வைத்தோம். அது இவ்வாறு அமைந்தது (ஆள் 1 அப்பா, ஆள் 2 அம்மா, ஆள் 3 பாட்டி):

சேலை 7 – ஆள் 1 – நெய்தல் – 12 நாள்
சேலை 7 – ஆள் 2 – தார் சுற்றுதல் – 9 நாள்
சேலை 7 – ஆள் 2 – இழை பிணைத்தல் – 1 நாள்
சேலை 7 – ஆள் 3 – மறுகரை நாடா – 12 நாள்
சேலை 8 – ஆள் 1 – நெய்தல் – 11 நாள்
சேலை 8 – ஆள் 2 – தார் சுற்றுதல் – 8 நாள்

ஒவ்வொரு வரிக்கும் கூலிக்கும் ஓர் இடம் விட்டோம். சில வரிகளில் அந்த இடம் காலியாகவே இருக்கிறது. வீட்டுப் பெண்களின் வேலைக்குத் தனிக் கூலி யாரும் கணக்கிட்டதில்லை அல்லவா? காலியிடம் காலியாகத் தெரிவதும் ஒரு செய்திதான்.

நாங்கள் செய்த பிழைகள்

பின்னால் இவ்வழியில் வரும் தோழியருக்கு உதவும் என்று எங்கள் பிழைகளையும் ஒளிக்காமல் எழுதுகிறோம்.

முதலாவது: ஒரு சேலையில் ஓர் ஆள் ஒரு முறைதான் வரலாம் என்று கட்டுப்பாடு வைத்தோம். அம்மா ஏழாம் சேலையில் இரண்டு வேலை செய்திருந்ததால் கணினி இரண்டாவதை ஏற்க மறுத்தது. பிறகு சேலை, ஆள், வேலை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒருமுறைதான் வரலாம் என்று மாற்றினோம். கட்டுப்பாடு தேவைதான், ஆனால் அது உண்மைக்குப் பொருந்த வேண்டும்.

இரண்டாவது: உழைப்புப் பேரேட்டின் வழியாகச் சேலைகளைத் தேடியபோது ஏழாம் சேலை நான்கு முறை வந்து நின்றது. நான்கு வரி இருப்பதால் நான்கு முறை! அவ்வரிகளைக் கொண்டு சேலை விலையைக் கூட்டினோம். ஒரு சேலைக்கு நான்கு சேலை விலை வந்தது. கண்காட்சிக்கு முன்பே தோழியின் அப்பா கண்டுபிடித்து, "ஏம்மா, நான் இவ்ளோ பணக்காரனா?" என்று கேட்டுச் சிரித்தார். பட்டியல் மட்டும் வேண்டுமானால் 'டிஸ்டிங்க்ட்' என்ற சொல்லால் திரும்ப வருவதைத் தவிர்க்கலாம். தொகை கூட்டும்போது, விலையைச் சேலைப் பேரேட்டிலிருந்தும் நாட்களை உழைப்புப் பேரேட்டிலிருந்தும் தனித்தனியே கூட்ட வேண்டும்.

மூன்றாவது: 40 சேலைகளின் பட்டியலைக் காட்டும்போது, ஒவ்வொரு சேலைக்கும் ஆட்கள் யார் என்று தனியே கேட்குமாறு நிரல் எழுதிவிட்டோம். பட்டியலுக்கு ஒரு கேள்வி, சேலைகளுக்கு 40 கேள்வி, ஆக 41 கேள்விகள். கத்தரிக்காய்க்கு ஒருமுறை, வெங்காயத்துக்கு ஒருமுறை என்று சந்தைக்கு நடப்பதைப் போன்றது இது. வேண்டியதை மொத்தமாக முன்கூட்டியே எடுத்துவர 'ப்ரீஃபெட்ச் ரிலேட்டட்' என்ற வசதி இருக்கிறது. 2012-இல் வந்த 1.4 பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. அதன் பிறகு கேள்விகள் 41-லிருந்து இரண்டு மூன்றாகக் குறைந்தன.

நான்காவது பிழைதான் எங்களை அழவைத்தது. தவறுதலாக ஒரு சேலையைப் பேரேட்டிலிருந்து நீக்கினோம். அதனோடு சேர்ந்து அச்சேலையின் உழைப்பு வரிகள் அனைத்தும் அழிந்துபோயின. 'கேஸ்கேட்' என்று நாங்களே எழுதியிருந்தோம். கட்டளைப்படிதான் கணினி நடந்தது. பின்னர் அதனை 'ப்ரொடெக்ட்' என்று மாற்றினோம். இனி உழைப்பு வரி இருக்கும்வரை சேலையையோ ஆளையோ நீக்க அது இடம் தராது. சேலை விற்றுப்போகும், வேறு ஊருக்குப் போகும், கிழிந்தும் போகும். அதில் உழைத்த கணக்கு அழியக் கூடாது.

விடுபட்டவர்

கண்காட்சி நாளன்று ஏழாம் சேலையின் தாளை அச்சிட்டுச் சுவரில் ஒட்டினோம். தோழியின் அம்மா வந்திருந்தார்கள். தம் பெயருக்கு எதிரே இருந்த 'தார் சுற்றுதல்', 'இழை பிணைத்தல்' என்ற சொற்களை விரலால் தொட்டு, எழுத்துக் கூட்டி வாசித்தார்கள். "பாட்டி பேரும் இருக்குது" என்று பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார்கள். பிறகு, "எனக்கொரு தாள் குடுங்கம்மா" என்று கேட்டு வாங்கி, நான்காக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்கள். மாணவியர் அச்சிட்ட தாளை எந்த அலுவலகமும் சான்றாக ஏற்றுவிடும் என்று நாங்கள் எண்ணவில்லை. ஆயினும் கேட்டால் காட்டுவதற்கு இன்று அவர்களிடம் ஒரு தாள் இருக்கிறது.

தோழியின் அப்பா தாளை நெடுநேரம் பார்த்துவிட்டு, "சாயம் போட்டவரை விட்டுட்டீங்களே! அவர் இல்லாம செவப்பு ஏது? பட்டு முறுக்கினவங்க? அட்டை அடிச்சவரு?" என்றார். உண்மைதானே! தம் ஒருவர் பெயரே நிறைந்த நோட்டை எழுதியவர், இப்போது மற்றவர் பெயரைத் தேடித் தருகிறார்.

அன்று மாலையே மூவரையும் சேர்த்தோம். பழைய நோட்டாக இருந்தால் மூன்று பத்தி புதிதாகக் கோடு போட்டிருக்க வேண்டும். உழைப்புப் பேரேட்டில் மூன்று வரி எழுதினோம், வேலை முடிந்தது.

அன்புத் தோழியரே! கணக்கு என்றால் எண் மட்டும் அன்று. யாரை எழுதுகிறோம், யாரை விடுகிறோம் என்பதும் கணக்கே. ஒரு பத்தி மட்டும் கொடுத்தால் ஒருவர்தான் அதில் நிற்பார். மற்றவர் வேலை செய்யவில்லை என்பது அதற்குப் பொருள் அன்று, நாம் இடம் தரவில்லை என்பதே பொருள். நம் வீட்டில் சமையல் யாருடையது? இந்தப் பள்ளி ஆண்டு விழா யாருடையது? ஒரு பெயரைச் சொல்லி நிறுத்தாமல், இன்னும் ஒரு வரி எழுத இடம் விட்டு வைப்போம். அடுத்த முறை பட்டுச் சேலை கட்டும்போது, அதன் முந்தானையைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். பாவும் ஊடையும் சந்திக்கும் இடந்தோறும் ஒரு கை இருக்கிறது.